கரையில் விட்ட செருப்பு

நீச்சல் சொல்லித்தரும் ஜெசிந்தா, வகுப்பில் 'இலக்கு' என்ற சொல்லைச் சொல்வதே இல்லை. "இன்னிக்கு எது வரைக்கும் நீந்துவீங்களோ, அங்க செருப்பை விட்டுட்டு வாங்க" என்பாள். பெண்கள் குளத்தின் ஓரமாக நடந்து, அவரவர் துணிச்சலுக்கு ஏற்ற இடத்தில் விட்டுவிட்டு வருவார்கள். வசுமதியின் செருப்பு மட்டும் எப்போதும் படிக்கட்டை ஒட்டியே கிடக்கும். போன மழையில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் அவளைத் தோளில் தூக்கி வந்தார். அதற்குப் பிறகுதான் ஐம்பது வயதில் இங்கே சேர்ந்தாள்.

வகுப்பு முடிந்ததும் ஜெசிந்தா எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பாள். "என்னக்கா தெரிஞ்சுது இன்னிக்கு?"

"பயம் போகலைன்னு தெரிஞ்சுது, டீச்சர்" என்பாள் வசுமதி. ஜெசிந்தா தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவாள்.

ஒரு நாள் வசுமதி செருப்பை எதிர்க்கரையில் விட்டாள். பாதி தூரத்தில் மூச்சு முட்டியது. பக்கச் சுவரைப் பிடித்து ஏறி, வெயிலில் கொதித்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு எதிர்க்கரைக்கு நடந்தாள். செருப்பைக் கையில் எடுத்தாள், போட்டுக்கொள்ளவில்லை.

"என்னக்கா தெரிஞ்சுது?"

"நடுவுல போனதும் கால் தரையைத் தேடுது, டீச்சர். கை நல்லாத்தான் இருக்கு."

தான் நின்றுபோன இடத்துக்குத் திரும்பி வந்து, அதைத் தாண்டி ஒரு முழம் தள்ளிச் செருப்பை வைத்தாள். பிறகு மறுபடி தண்ணீரில் இறங்கப் படிக்கட்டை நோக்கி நடந்தாள். மற்றவர்கள் தலையைத் துவட்டியபடி கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றப் போன ஜெசிந்தா, கழற்றாமல் நின்றாள்.