கழட்ட மாட்டேன்

“இன்னிக்கே தேதி வாங்கிடு. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். திங்கட்கிழமை கண்ணாடி இல்லாம கவுண்டர்ல நிக்கற,” என்றார் மேலாளர் யாங். மூக்கில் சரிந்த தம் தடித்த கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

சியோலில் திரும்பிய பக்கமெல்லாம் கண் மருத்துவமனையாக இருக்கும் தெரு அது. நான்காவது மாடிக் கூடம் முழுக்க, பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிய கையோடு வந்திருந்த பிள்ளைகள். அவர்களுக்கு நடுவே ஓட்டல் சீருடையில் நாரே. பக்கத்தில் காவலுக்கு வந்தவர்போல யாங்.

ஓட்டல் வரவேற்பில் நிற்பவள் நாரே. போன மாதம் ஒருநாள் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியோடு வந்து நின்றாள். யாங் கழட்டச் சொன்னார், அவள் மாட்டேன் என்றாள். அன்றிலிருந்து இருவருக்கும் மல்லுக்கட்டுதான்.

“எல்லாரையும் போல லென்ஸ் போட்டுட்டு ஒழுங்காத்தானே இருந்தே? திடீர்னு என்ன வந்துச்சு?”

“கண்ணாடி போடணும்னு தோணுச்சு சார்.”

“கவுண்டர்ல பொண்ணுங்க போடக்கூடாதுன்னு தெரியும்ல?”

“எங்க எழுதி வெச்சிருக்கு?”

“எல்லாத்தையும் எழுதியா வெப்பாங்க? விருந்தாளி நுழையறப்ப மூஞ்சி பளிச்சுன்னு தெரியணும்.”

“உங்க மூஞ்சி தெரிய வேணாமா சார்?”

பக்கத்து வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாங் குரலைத் தாழ்த்தினார்.

“ஆம்பளை போட்டா படிச்ச களை. நீயும் ஹேரிம் மாதிரி ஆகாதே. அவளுக்குக் கருவிழி மெலிசு, லேசர் ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. லென்ஸும் ஒத்துக்கல. நான் என்ன பண்ண? போன மாசம் கவுண்டர்லேருந்து எடுத்துட்டேன், இப்ப பேஸ்மென்ட்ல உக்காந்து போன் எடுக்கறா. குரல்ல கண்ணாடி தெரியாது பாரு.”

சொல்லும்போது அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

“லென்ஸைப் போட்டுட்டு, வீங்கின கண்ணோட ஹேரிம் அக்கா ஒரு வாரம் கவுண்டர்ல நின்னாங்க சார். அழுதியாம்மான்னு விருந்தாளிங்களே கேட்டாங்க.”

“அது முடிஞ்ச கதை. உன் கதையைப் பாரு.”

பரிசோதனைகள் எல்லாம் முடிந்திருந்தன. டாக்டர் கூப்பிடும்வரை பேச்சுக் கொடுக்க, ஆலோசகர் பெண் பிளாஸ்டிக் கண் ஒன்றையும் இரண்டு கோப்பை பார்லி டீயையும் கொண்டுவந்து வைத்தாள்.

“மூணு வகை இருக்குங்க. முதல் வகையில கருவிழியில மூடி மாதிரி மெலிசா வெட்டித் திறந்து, லேசர் பாய்ச்சி மூடிடுவோம். ரெண்டாவதுல வெட்டு இல்ல, மேல்தோலை மட்டும் எடுப்போம், ஆனா சில நாள் எரியும். மூணாவதுல சின்னக் கீறல் போட்டு உள்ளேயிருந்து ஒரு துணுக்கை உருவிடுவோம்.”

“முதல் வகையே பண்ணிடுங்க,” என்றார் யாங், தமக்கு நூடுல்ஸ் சொல்வதுபோல.

“கண்ணு என்னோடது சார்.”

“கண்ணு உன்னோடது. கவுண்டர் ஓட்டலோடது.”

நாரே கோப்பையை வாயருகே கொண்டுபோனாள். ஆவி பட்டுக் கண்ணாடி மங்கியது. கழட்டிக் கழுத்துத் துணியில் துடைத்தபடியே ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“சார், கீழ உங்க வண்டியில நோட்டீஸ் ஒட்டறாங்க.”

“தெருவுல பாதி வெள்ளை வண்டிதான். என்னோடதுன்னு என்ன கண்டே?”

“நம்பரைப் பார்த்தேன் சார்.”

யாங் பதறியடித்து ஓடினார். மேல்மூச்சு வாங்கத் திரும்பியபோது கையில் அபராதச் சீட்டு இருந்தது. அந்தக் கோபமும் நாரே மேல்தான் திரும்பியது.

“இந்தப் பிள்ளைங்களைப் பாரு. பரீட்சை முடிஞ்சதும் பெத்தவங்க கூட்டிட்டு வந்துடறாங்க. உங்க வீட்ல என்ன பண்ணிட்டிருந்தாங்க?”

“எங்க அம்மா எல்லாத்தையும் சரியாத்தான் சார் பண்ணாங்க.”

உள்ளே கூப்பிட்டார்கள். நாரே எழுந்து, யாங்குக்கும் கதவைத் திறந்து பிடித்தாள். “நீங்களும் வாங்க சார். அவங்க சொல்றதை உங்க காதால கேக்கணும்.”

டாக்டர் அம்மா காகிதங்களைப் பார்த்தார். நாரேவின் முகவாயைக் கருவியில் வைக்கச் சொல்லி இரண்டு கண்ணையும் மறுபடி பார்த்தார். கடைசியில் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

“இந்தக் கண்ணுக்கு லேசர் வேணாங்க. நான் பண்ண மாட்டேன்.”

யாங் தொடையைத் தட்டிக்கொண்டார். “அப்போ இவளுக்கும் மெலிசுதான். சரி நாரே, நாளைக்கே நீயும் பேஸ்மென்ட்டுக்குப் போ. ஹேரிமுக்குத் துணையாச்சு.”

“போகச் சொன்னா போறேன் சார். முதல்ல டாக்டரை முழுசாப் பேச விடுங்க.” அவள் குரல் துளிகூட இறங்கவில்லை.

“மெலிசுன்னு நான் எப்பங்க சொன்னேன்?” டாக்டர் தம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “இவங்களுக்கு ஏற்கெனவே பண்ணியாச்சு. மூடி வெட்டின கோடு நல்லா ஆறியிருக்கு, பல வருஷம் இருக்கும். இந்த ரூம்ல சரியான பார்வை இருக்கறது இவங்க ஒருத்தருக்குத்தான்.”

யாங் நாரேவைத் திரும்பிப் பார்த்தார். “அப்போ நீ போட்டிருந்த லென்ஸ்?”

“அது நீங்களா நெனச்சுக்கிட்டது.”

“இப்ப மூஞ்சியில இருக்கறது?”

“பவர் இல்லாத வெறும் கண்ணாடி சார்.” நாரே அதைக் கழட்டி நிதானமாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“ஹேரிம் அக்கா கண்ணாடியோட மேல வந்து நிக்கட்டும், நான் கழட்டிடறேன்.”