மா. தேன்மலர்

கோவைக் கடைக்காரர் மாசிலாமணியிடம் புதுக் கணினியைத் தட்டிக் காட்டினார். "இதுல இருக்கற இயங்குதளம், உங்க பொண்ணு நினைக்கறதுக்குள்ள நிரலையே எழுதிருமுங்க."

"அது எழுதுனா அதைச் செஞ்ச கம்பெனி பேருதான்ப்பா வரும்," என்றாள் தேன்மலர். "என் பேருல ஒரு நிரலாவது ஓடுனாத்தான் வேலை தருவாங்க."

மாசிலாமணி நிமிர்ந்து நின்றார். "எங்க வீட்டுல இரவல் பேரு போட்டுக்கறதில்லைங்க. எதுவும் சொல்லித் தராத பெட்டியைக் குடுங்க."

கடையே சிரித்தது. தேன்மலர் அந்த ஊமைப் பெட்டியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, நகரப் பேருந்துகளுக்கு வழி சொல்லும் நிரலை எழுதி முடித்தாள். அது ஓடத் தொடங்கிய காலையில், பேருந்து நிறுத்தத்துத் திரையின் அடியில் 'ஆக்கம்: மா. தேன்மலர்' என்று மின்னியது.

"மா-ங்கறது எந்தக் கம்பெனிங்க?" என்று மாசிலாமணியின் பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

"கம்பெனி இல்லைங்க," என்றார் மாசிலாமணி. "நான்தான்."