பரிசுப் பட்டியலில் ஒரு டிரம்ஸ்

"பொறந்தநாள் அழைப்பா இது? மருந்துச் சீட்டு மாதிரி இல்ல இருக்கு!" என்று கைப்பேசியை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினான் கணவன்.

குழந்தை சிட்டுவின் அம்மாவான அவள் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். அவளுக்கு அது பாராட்டாகவே பட்டது.

"எழுதிக் குடுத்தாத்தான் வேண்டியது வரும். போன வருஷம் எழுதிக் குடுக்கல, என்ன வந்துது? வீடு பூரா பஞ்சு யானை. ஒண்ணு இன்னும் கட்டிலுக்கு அடியில பிதுங்கிட்டுக் கிடக்கு."

"அதுக்காக, என் பொண்ணுக்கு இன்னின்னது வேணும்னு பட்டியல் போட்டு ஊருக்கே அனுப்பறதா? கையேந்தற மாதிரி இருக்கு."

"ஒரு கையும் ஏந்தல. ஒருத்தர் ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா, பக்கத்துல 'எடுத்தாச்சு'ன்னு வந்துடும். ரெண்டு பேரு ஒரே பொருளை வாங்க மாட்டாங்க. இப்ப எல்லாரும் செய்றதுதான்."

"சரி, செஞ்சுட்டுப் போ. அதுல டிரம்ஸ் எதுக்கு?"

"சிட்டு கேட்டா."

மூன்று வயதாகப்போகும் சிட்டுவின் கையில் ஒரு கரண்டி கிடைத்தால் போதும். குக்கர் மூடி, வாளி, தூங்குகிற அப்பாவின் முதுகு, எதுவும் தப்பாது. அவள் ஆரம்பித்த மறு நிமிடம் கீழ் வீட்டிலிருந்து 'டொக் டொக்' என்று பதில் வரும். புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிற ஒருவர் அங்கே தனியாகக் குடியிருந்தார். விளக்குமாற்றுக் கட்டையால் அவர் கூரையை இடிக்கிற இடியில் இங்கே தரை அதிரும். டொக் டொக் சார் என்றே இவர்கள் அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்.

"அவருக்குமா அனுப்பின?"

"குடியிருப்புக் குழுவுல போட்டேன். அதுல அவரும்தானே இருக்காரு? எல்லாரையும் கூப்பிட்டு அவரை மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

கணவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். கைப்பேசி சிணுங்கியது. டொக் டொக் சார்தான்.

'அழைப்புக்கு நன்றி. பட்டியலில் ஒரு பிழை. ஊதுகுளல் அல்ல, ஊதுகுழல்.'

"ஆரம்பிச்சுட்டாருய்யா!" என்றான் கணவன்.

அவள் திருத்திக்கொண்டிருக்கும்போதே டிரம்ஸுக்குப் பக்கத்தில் 'எடுத்தாச்சு' என்று வந்தது. எடுத்தவர் பெயரைப் பார்த்தாள். அவரேதான். அடுத்து ஊதுகுழல். அதற்கடுத்து விசில்.

"இவரு எப்படி இவ்வளவு நல்லவரானாரு?" என்றாள் வாய் பிளந்து.

"நல்லவரா? நீ வேற! நான் எடுத்துட்டேன்னு போட்டு வெச்சா வேற யாரும் வாங்க மாட்டாங்கல்ல? அன்னைக்கு வெறுங்கையை வீசிட்டு வருவாரு பாரு. என்ன மூளை மனுஷனுக்கு!"

சிட்டுவோ டிரம்ஸ் வருகிறது என்று குளியலறைச் சுவரிடம்கூடச் சொல்லி முடித்துவிட்டாள்.

"அப்படி வந்தா என்னங்க பண்றது? வாசல்ல நிறுத்தி, டிரம்ஸ் எங்க சார்னு கேக்கவா முடியும்?"

"தாராளமா கேளு. பட்டியலே போட்டாச்சு, இனிமே என்ன கூச்சம்?"

பிறந்தநாளன்று அழைப்புமணி அடிக்கும்போதெல்லாம் சிட்டு கதவுக்கு ஓடினாள். படப்புத்தகம் வந்தது, மழைக்கோட்டு வந்தது, களிமண் வந்தது. கேக் வெட்டுகிற நேரமும் வந்தது. சிட்டுவின் உதடு பிதுங்கத் தொடங்கியபோது மறுபடி மணி அடித்தது.

வாசலில் ஒரு பெரிய பெட்டி நின்றது. அதற்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. பெட்டிக்குப் பின்னாலிருந்து டொக் டொக் சார் எட்டிப் பார்த்தார்.

அவரே கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு திருகாக முடுக்கி, டிரம்ஸை நிறுத்தினார். ஊதுகுழலையும் விசிலையும் பக்கத்தில் வைத்துவிட்டு, குச்சிகளைச் சிட்டுவின் கையில் கொடுத்தார்.

"இப்படித் தடவக் கூடாது கண்ணு. மாமா சொல்றேன், நல்லா ஓங்கிப் போடு. ஆங், அப்படி! இன்னும் கொஞ்சம் பலமா!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சிட்டுவின் முகம் மலர்ந்ததை அம்மா பார்த்தாள். இப்படிப்பட்ட மனுஷனையா இத்தனை நாள் கரித்துக்கொட்டினோம்! கேக்கில் பூ வைத்த துண்டாகப் பார்த்து அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"சார், இதுவரைக்கும் நடந்ததையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. இனிமே நீங்க வேலை செய்ற நேரத்துல இவளை இதைத் தொடவே விட மாட்டேன்."

"ஐயையோ, அப்படியெல்லாம் தடுக்காதீங்கம்மா! காலைல, மத்தியானம், எப்பத் தோணுதோ அப்ப அடிக்கட்டும். குழந்தைக் கையைக் கட்டிப் போடலாமா?"

"உங்களுக்குத் தொந்தரவா இருக்காதா சார்?" என்று கேட்டான் கணவன், நம்ப முடியாமல்.

டொக் டொக் சார் சிரித்தார். அவருக்குப் பற்கள் இருப்பதையே இருவரும் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"எனக்கென்ன தொந்தரவு? வர்ற ஒண்ணாம் தேதி நான் வீட்டைக் காலி பண்றேன். இனி கீழ வர்றவன் பாடு!"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க சார் போறீங்க?" என்று கேட்டாள் அவள்.

"பூங்காவுக்குப் பின்னாடி புதுசா மஞ்சள் கட்டடம் ஒண்ணு வந்திருக்கில்ல? அங்க எனக்கு முதல் மாடி. எனக்கு மேல, ரெண்டாவது மாடிக்கு வரப்போறது இருக்கிற இடமே தெரியாத குடும்பமாம். தரகர் சத்தியம் பண்ணிச் சொன்னாரு."

கணவன் கையிலிருந்த கேக் தட்டு சாய்ந்தது. இந்த டொக் டொக்குக்குத் தப்பிக்க, அந்த இரண்டாவது மாடிக்குப் போன வாரம்தான் இவர்கள் முன்பணம் கொடுத்திருந்தார்கள். கீழே குடிவரப் போகிறவருக்கு இடி விழுந்தாலும் காது கேட்காது என்று அதே தரகர் சத்தியம் பண்ணியிருந்தார்.