எண்பது நாட்டுப் பரீட்சை

"இன்னா டீச்சர், மார்க் கம்மின்னா எம் பொண்ண ஒளிச்சி வெச்சுடுவீங்களா?"

லோகநாதன் போட்ட சத்தத்தில் திருவொற்றியூர் பள்ளிக்கூடமே எட்டிப் பார்த்தது. துறைமுகத்தில் கண்டெய்னர் கட்டுகிற ஆள். கிரேன் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. பின்னால் பத்தாவது படிக்கும் மகள் சங்கமித்ரா.

தலைமையாசிரியர் வேதமாணிக்கத்துக்கு விஷயம் புரிந்தது. எந்த நாட்டுப் பிள்ளைகள் கெட்டி என்று பார்க்க எண்பது நாடுகளுக்கும் ஒரே பரீட்சை. இந்தப் பள்ளியில் நாற்பது பேரைக் குலுக்கலில் எடுத்திருந்தார்கள். அதில் சங்கமித்ராவும் உண்டு. நேற்று யசோதரா டீச்சர் ஒட்டிய கடைசிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

சுமாராகப் படிக்கிற பெண். பள்ளிக்கூடத்தின் பெயர் கெடுமென்று டீச்சரே வெட்டிவிட்டார் போலிருக்கிறது.

"நா அஞ்சாவது படிக்க சொல்ல இன்ஸ்பெக்சன் வந்துச்சு. 'நாளைக்கு நீ வராதடா'ன்னாரு வாத்தியாரு. அன்னிக்கு வுட்ட ஸ்கூலு. அந்தாள இன்னும் நா மன்னிக்கல. இப்ப எம் பொண்ணுக்குமா? வெள்ளக்காரன் ஊர்ல மக்குப் புள்ளயே கெடையாதா? அவன் எல்லாரையும் ஒக்கார வெச்சுத்தான மார்க்கு பாக்கறான்?"

யசோதரா எழுந்து நின்றார்.

"தப்பு என்னோடதுதாங்க. பேரு விட்டுப்போச்சு. சங்கமித்ரா எழுதுவா. 'பரீட்சை எழுத சம்மதம்'னு இதுல ஒரு டிக் போட்டு, கையெழுத்து போட்டுடுங்க."

காகிதத்தில் இடத்தை விரல் வைத்துக் காட்டினார். லோகநாதன் டிக் அடித்தார். கீழே பெரிதாகக் கையெழுத்தைப் போட்டார்.

"பாத்தியா? கேட்டாத்தான் வழிக்கு வர்றாங்க!"

"செம நைனா!" என்றாள் மகள். இருவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்கள்.

வேதமாணிக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்களே இப்படிச் செய்யலாமா?"

யசோதரா மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். போன வாரம் லோகநாதன் மடித்து ஸ்டேபிள் அடித்து மகளிடம் கொடுத்தனுப்பிய சம்மதப் படிவம். 'சம்மதம் இல்லை' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக். கீழே அதே பெரிய கையெழுத்து.

"நிஜமாவே வேணாங்கிறார்னு நெனச்சேன் சார். அவருக்குப் படிக்கத் தெரியாதுன்னு இப்பதான் புரிஞ்சுது."

"அட! இதைக் காட்டியிருந்தா அப்பவே ஆள் அடங்கியிருப்பாரேம்மா!"

"அடங்கியிருப்பாரு சார். பொண்ணு முன்னாடி."