சேர்மனின் புது பிரேக்

கம்பாலா மாநகரப் பெருமக்களுக்கு ஒரு மகத்தான அறிவிப்பு: எங்கள் தெருமுனை பைக் டாக்சி நிறுத்தத்தின் சேர்மன் லுயிமா, தமது இருபது வருடப் பழைய பைக்குக்குப் புது ஹேண்டில்பாரும், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக்கும் மாட்டிவிட்டார்.

“போன வாரம் தக்காளிக் கடைக்குள்ளயே விட்டீங்களாமே, சேர்மன்?” என்று கேட்டேன்.

“அது பழைய பிரேக், டீச்சரம்மா. இது பிளேனையே நிறுத்தும். ஏறுங்க.”

அதை நம்பித்தான் ஏறினேன். நக்கசேரோ குன்றின் இறக்கத்தில் வண்டி பறந்தது. கீழே சந்தை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வாழைக்காய் லாரி நின்றது.

“சேர்மன், பிரேக்கைப் பிடிங்க.”

“பதறாதீங்க. ஹேண்டில்பாரைப் பாருங்க, வெண்ணெய் மாதிரி திரும்புது.”

“திரும்பறதுக்கு எங்க இடம் இருக்கு? பிரேக்கைப் பிடிங்கய்யா.”

“ஜெபம் பண்ணாத சாமானைத் தொடலாமா, டீச்சரம்மா? பாஸ்டர் ஹேண்டில்பாருக்கு ஜெபம் பண்ணி முடிச்சார், உடனே ஒரு சாவு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பிரேக்குக்கு ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கார்.”

அன்று செவ்வாய்க்கிழமை.