ஏழாவது கமரா

"கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறவனைக் காட்டிக் குடுக்கச் சொல்லுறியோ?" என்றார் குலேந்திரன்.

சுவிஸ் நகரமான லுசேர்ணில் ஒரு ஹோட்டலின் சமையலறைப் பின்கதவு. மதிய வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவே கிடைக்கும் ஓய்வு நேரம். உதவிச் சமையல்காரன் பாலச்சந்திரன் தேநீர்க் கோப்பையோடு குனிந்து அவருடைய தொலைபேசியைப் பார்த்தான்.

திரையில் ஒரு சாம்பல் நிறப் படம். சாம்பியாவில், ஒரு காட்டு மரத்தில் கட்டியிருந்த கமரா முந்தின நாள் மாலை மங்கலில் எடுத்தது. வெறுங்காலோடு ஒரு மனிதன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியபடி நேரே பார்த்துக்கொண்டு நின்றான்.

குலேந்திரனின் மகள் நிலோஜினி விடுமுறைக்கு அங்கேதான் போயிருந்தாள். யானை பார்ப்பதோடு ஆராய்ச்சியாளர்களுக்குக் கமரா கட்டவும் உதவுகிற ஒரு மாதப் பயணம் அது. வந்து குவியும் படங்களை வீட்டிலிருந்தே பிரித்துக் கொடுக்க ஆட்கள் தேவை என்றதும், தன் முகாமைச் சுற்றியிருந்த பன்னிரண்டு கமராக்களையும் அப்பாவின் பெயரில் பதிந்துவிட்டாள்.

'மிருகம்', 'மனிதர்', 'ஒன்றுமில்லை' என்று மூன்று பொத்தான்கள். 'மனிதர்' என்று அழுத்தினால் படம் அந்த நிமிடமே காட்டுக்காவலர்களுக்குப் போகும். மற்றப் படங்களை அவசரமாக யாரும் திறப்பதில்லை.

முதல் கிழமையில் அவர் ஒருமுறை 'மனிதர்' அழுத்தினார். இரண்டு நாளில் ஆராய்ச்சியாளர்களின் சூரிச் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. யானை வேட்டைக்காரன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான், உங்கள் உதவிக்கு நன்றி. அதை பஸ்ஸில் வைத்து வாசித்தவர் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

"இவனும் ஆனை கொல்ல வந்தவன்தான் அண்ணை," என்றான் பாலச்சந்திரன்.

"துவக்கு எங்க? காலில செருப்புக்கூட இல்லை."

"பின்னை, காட்டுக்குள்ள சும்மா ஆர் போவான்?"

"நான் போனனான். வன்னிக்குள்ள பதினாறு நாள். என்னைக் கண்ட ஒரு மனுசன் ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை. அதாலதான் இப்ப உயிரோட இருந்து உனக்குச் சட்டி கழுவித் தாறன்."

பாலச்சந்திரன் சிரித்தான். "சரி, உங்கட காடு, உங்கட ஆனை. எனக்கு வெங்காயம் கிடக்கு."

குலேந்திரன் 'ஒன்றுமில்லை' என்பதை அழுத்தினார். நெஞ்சு லேசானது.

மறுநாள் அதே ஏழாவது கமராவிலிருந்து இரண்டு படங்கள். ஒன்றில் அந்த மனிதன் மரத்தடியில் இருந்தான். மற்றதில் பக்கவாட்டாகச் சரிந்து கிடந்தான்.

"இன்னும் அதிலயோ நிக்கிறான்?" என்று பாலச்சந்திரன் எட்டிப் பார்த்தான்.

"நித்திரை கொள்ளுறான், கொள்ளட்டும். எத்தினை நாள் களைப்போ." இரண்டு படங்களுக்கும் அதே பொத்தான்.

அதற்கடுத்த நாள் ஏழாவது கமரா எதையும் அனுப்பவில்லை. "தப்பிட்டானடா!" என்று பாலச்சந்திரனின் முதுகில் தட்டினார். அன்று அவர் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை நிலோஜினி முகாமிலிருந்து பட்டணத்துக்கு வந்து தொலைபேசியில் அழைத்தாள்.

"எங்களுக்குச் சமைக்கிற முலேங்கா அண்ணை செத்துப்போனார் அப்பா."

"என்ன பிள்ளை நடந்தது?"

"விறகுக்குப் போனவர் வழி மாறிட்டார். அவர் பட்டணத்து ஆள், காடு தெரியாது. காவலர்மார் மூலமாச் சூரிச் ஒஃபிசில கேட்டம். கமரா ஒண்டிலயும் ஆள் இல்லை எண்டு சொல்லிட்டினம். அதால மூண்டு நாளும் ஆத்துப் பக்கமே தேடினம்."

குலேந்திரன் சமையலறைப் பின்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே யாரோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க... எங்க கண்டனீங்கள்?"

"ஏழாவது கமரா கட்டின மரத்துக்குக் கீழ. தண்ணி இல்லாமல் கிடந்து..." அவள் விம்மினாள்.

அவர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"வழி மாறினா ஒரு கமராவுக்கு முன்னால போய் நில்லுங்கோ, எங்கட அப்பா பாப்பார் எண்டு நான்தான் அப்பா அவருக்குச் சொல்லி வைச்சனான்."