பனியில் மஞ்சள்

அவள் முழங்காலில் நின்று குளம்புத் தடத்தைப் பார்த்தாள்.

பின்னால் அண்ணன். கையில் துப்பாக்கி.

முன்னால், ஊசியிலை மரத்துக்கு அப்பால், மான். பின்பாதி மட்டும் தெரிந்தது. தலை கிளைகளுக்குள் இருந்தது. கொம்பு உண்டா இல்லையா என்று சொல்லத் தடத்தை விட்டால் வேறு வழியில்லை.

"ஆணோ, பெண்ணோ?" காதோரம் கேட்டான். "வடிவாப் பாத்துச் சொல்லு பிள்ளை."

ஆண் மானுக்குத்தான் அவனிடம் அனுமதி இருந்தது. போன குளிர்காலமும் அப்படித்தான். அவசரப்பட்டுச் சுட்டான். விழுந்தது பெண் மான். துப்பாக்கியைப் பொலிஸார் ஓராண்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். மர ஆலையில் கூட வேலை செய்கிற நோர்வேக்காரர்கள் அவனை இன்னும் 'அம்மாவைச் சுட்டவன்' என்றே கூப்பிடுகிறார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்தால் பேசமாட்டான்.

இன்னொரு முறை பிழை விட்டால் துப்பாக்கி இனி இல்லை.

அதற்காகத்தான் அவள் தடம் பார்க்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சேர்ந்தாள்.

தடம் அகலமாக இருந்தது. குளம்புக்கும் குளம்புக்கும் இடையே பனியில் ஒரு கோடு. ஆண் மான் காலை இழுத்து நடக்கும். பெண் மான் தூக்கி வைக்கும். ஆசிரியர் மேசைமேல் இரண்டு விரலால் நடந்து காட்டியிருந்தார்.

"ஆண்தான், அண்ணா."

"பரவாயில்லை. வகுப்புக்குப் போனது வீண்போகேல்லை."

துப்பாக்கி அவன் தோளில் பொருந்தியது.

சொன்ன பிறகுதான் அவளுக்கு எப்போதும் சந்தேகம் வரும். திரும்பிப் பார்த்தாள்.

அவர்கள் ஏறிவந்த சரிவு. அவளுடைய சப்பாத்துத் தடங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு கோடு.

அண்ணனுடையதிலும்.

கணுக்காலை மூடும் பனி. இதில் யார்தான் காலை இழுக்கவில்லை?

அகலமும் நம்பக்கூடியதல்ல. ஈரப்பனியில் எல்லாத் தடமும் விரியும்.

இன்னோர் அடையாளம் இருந்தது.

வரும் வழியில், தடங்களோடு மஞ்சளாக ஒரு கறை. மான் நின்று சிறுநீர் கழித்த இடம். ஆணுடையது பின்னங்கால் தடங்களுக்கு முன்னால் விழும். பெண்ணுடையது அவற்றுக்குப் பின்னால். வகுப்பில் முதல் பாடமே அதுதான்.

அண்ணன் பக்கத்தில் நிற்கும்போது அதைக் குனிந்து பார்க்க அவளுக்குக் கூச்சம். அவனும் மரங்களைப் பார்த்தான். இருவரும் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சரிவின் மேலிருந்து இப்போது தெளிவாகத் தெரிந்தது.

நான்கு குளம்புத் தடங்கள். மஞ்சள், எல்லாவற்றுக்கும் பின்னால்.

அவன் மூச்சை அடக்கியிருந்தான். விரல் மடியத் தொடங்கியது.

வாய் திறந்தாள். இதுவும் பிழையென்றால்?

இருமினாள்.

பலமாக.

கிளைகள் பனியை உதறின. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வெடிச்சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது மான் இல்லை. அண்ணன் தோட்டாவைக் கழற்றிக்கொண்டிருந்தான். அது அவன் கையிலிருந்து நழுவிப் பனிக்குள் விழுந்தது. தேடி எடுத்தான். மறுபடி நழுவியது.

ஓடும்போது மானின் தலையை அவன் பார்த்திருப்பான்.

அவன் சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து முதலில் அவளுக்கு ஊற்றினான். மூடி விளிம்பில் தேநீர் தளும்பியது.

"தேத்தண்ணியைக் குடி. இருமலுக்கு நல்லது."

இறங்கும்போது அந்த மஞ்சள் அருகே அவன் நின்றான்.

இம்முறை இருவரும் குனிந்தார்கள்.